கம்பெனி கை மாறினால் போர்டு என்ன ஆகும்? ஆர்டுயினோவை வைத்து ஒரு பாடம்



இந்த எபிசோடில் ஆர்டுயினோ பற்றிப் பேச 10 நிமிடம்தான் கிடைத்தது. பின் நம்பர், உரிமத்தின் பெயர் இதெல்லாம் காதில் விழுந்த வேகத்திலேயே மறந்துபோகிற விஷயம். அதனால் வழக்கம்போல அந்தப் பகுதியை இங்கே எழுத்தில் தருகிறேன். ஒரு காபியோட உட்கார்ந்து படிங்க. கடைசியில் வீட்டுப்பாடமும் இருக்கு.

முதலில் செய்தி. 2025 அக்டோபர் 7-ஆம் தேதி, ஆர்டுயினோவை வாங்கப்போவதாகக் குவால்காம் அறிவித்தது. நம்ம போன்கள் பலவற்றுக்குள்ளே உட்கார்ந்திருக்கிற ஸ்னாப்டிராகன் சிப்பைச் செய்கிற அதே குவால்காம். அன்றைக்கே ஊனோ க்யூ என்ற புதுப் போர்டும் வந்தது. அதில் லினக்ஸ் ஓட்டும் குவால்காம் சிப் ஒன்று, மோட்டாரையும் சென்சாரையும் கவனிக்க எஸ்டிஎம்32 சிப் ஒன்று. பெயர் மாறாது, மற்ற கம்பெனிகளின் சிப்புகளும் தொடரும், திறந்த வன்பொருள் என்ற கொள்கையும் தொடரும் என்று இரண்டு தரப்பும் சொல்லின.

அன்றிலிருந்து நேயர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இனிமே ஆர்டுயினோவை நம்பி வாங்கலாமா?"

எனக்கும் இது சும்மா வந்த கேள்வி இல்லை. காரணம் சொல்கிறேன்.

அலமாரியில் கிடக்கும் 10 ரோபோ

இங்கே ஜெர்மனியில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கிறது. அது முடிந்ததும் ஒரு மணி நேரம் எலக்ட்ரானிக்ஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெற்றோர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு 10 ரோபோ கிட் வாங்கினோம். பார்க்க ரொம்ப அழகு. போனில் ஆப் போட்டு, லாகின் பண்ணி, கட்டங்களை இழுத்து இழுத்துப் புரோகிராம் எழுதலாம். பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

ஒன்றரை வருஷம் ஓடியது. பிறகு ஒரு சனிக்கிழமை லாகின் வேலை செய்யவில்லை. அந்தக் கம்பெனி சேவையை நிறுத்திவிட்டது. சக்கரம் சுற்றும், பேட்டரி சார்ஜ் ஆகும், விளக்கு எரியும். ஆனால் புதிதாக ஒரு வரி புரோகிராம்கூட உள்ளே போகாது. ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தேன். சிப் மேலே இருந்த எழுத்தைத் தேய்த்து அழித்திருந்தார்கள். சர்க்யூட் படம் எங்கும் வெளியிடப்படவில்லை.

"அங்கிள், ரோபோ நல்லாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் ஓட மாட்டேங்குது?" என்று ஒரு பையன் கேட்டான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த வருஷம் மறுபடி பணம் சேர்த்தபோது ஒரு அம்மா என்னிடம் நேராகவே சொன்னார்: "தம்பி, இந்தத் தடவையாவது நாலு வருஷம் தாங்குறதா வாங்குங்க." ஆர்டுயினோ வாங்கலாம் என்று முடிவு செய்து வைத்திருந்த நேரத்தில்தான் குவால்காம் செய்தி வந்தது.

அதனால் உட்கார்ந்து யோசித்தேன். 'திறந்த வன்பொருள்' என்கிறோமே, அதில் எது திறந்திருக்கிறது? கம்பெனி கை மாறினால் அதில் எது நிற்கும், எது போகும்?

மூடப்போகிற பள்ளியில் பிறந்தது

இதற்கு விடை ஆர்டுயினோ பிறந்த கதையிலேயே இருக்கிறது.

வட இத்தாலியில் இவ்ரேயா என்று ஒரு சின்ன ஊர். ஒலிவெட்டி தட்டச்சு இயந்திரம் பிறந்த ஊர். அங்கே வடிவமைப்புக் கலை சொல்லிக்கொடுக்க ஒரு கல்வி நிறுவனம் இருந்தது. மாணவர்கள் பொறியாளர்கள் இல்லை, வடிவமைப்பாளர்கள். அவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில், எளிதில் புரோகிராம் செய்யக்கூடிய போர்டு தேவைப்பட்டது.

2003-இல் ஹெர்னாண்டோ பாரகான் என்ற கொலம்பிய மாணவர் தன் முதுநிலை ஆய்வுக்காக வயரிங் என்ற போர்டையும் மென்பொருளையும் உருவாக்கினார். அதற்கு முன்மாதிரி, கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் உருவாக்கிய பிராசஸிங். நாம் இன்றைக்கு எழுதுகிற டிஜிட்டல்ரைட், பின்மோட் எல்லாம் வயரிங் வழியாக வந்தவைதான். அதை அடிப்படையாக வைத்து, இன்னும் மலிவான சிப்பில், 2005-இல் மாசிமோ பான்சி, டேவிட் குவார்ட்டியெல்லெஸ் முதலியோர் செய்ததுதான் ஆர்டுயினோ. பெயர் அந்த ஊரில் அவர்கள் போய் உட்காரும் ஒரு பாரின் பெயர். அந்த பாருக்குப் பெயர் 1002-இல் இத்தாலிக்கு அரசனான அர்துயினிடமிருந்து வந்தது. பாரகானின் பங்கு பல வருஷம் பேசப்படவே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடணும். 2016-இல் அவரே அந்தக் கதையை விரிவாக எழுதினார்.

நமக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான். அந்த நேரத்தில் அந்தக் கல்வி நிறுவனத்துக்கே பணத் தட்டுப்பாடு. மூடப்போகிறார்கள் என்ற பேச்சு. மூடினால் இத்தனை உழைப்பும் எங்கே போகும்? யார் கைக்குப் போகும்? இந்தப் பயம்தான் அவர்களை எல்லாக் கோப்புகளையும் திறந்த உரிமத்தில் வெளியிட வைத்த காரணங்களில் ஒன்று. நிறுவனம் அந்த ஊரில் இல்லாமல் போயிற்று. போர்டு உலகமெல்லாம் போயிற்று. குவால்காம் அறிவிப்பில் சொன்ன கணக்குப்படி இன்றைக்கு 3 கோடியே 30 லட்சம் பேருக்கு மேல் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அதாவது, "நம்மை நடத்துகிறவர்கள் போய்விட்டால் என்ன ஆகும்?" என்ற கேள்வி ஆர்டுயினோவுக்குப் புதுசில்லை. பிறக்கும்போதே அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பிறந்தது.

ஒரு போர்டு, ஐந்து அடுக்கு

திறந்தது, மூடியது என்று ஒரே வார்த்தையில் சொன்னால் ஏமாந்துபோவோம். பழைய ஊனோ ஆர்3 போர்டையே எடுத்து, வெங்காயம் உரிக்கிற மாதிரி ஒவ்வொரு அடுக்காகப் பார்க்கலாம்.

*முதல் அடுக்கு, படம்.* எந்தப் பாகம் எதோடு சேர்கிறது என்ற ஸ்கீமாட்டிக், செம்புத் தடங்கள் எப்படி ஓடுகின்றன என்ற பிசிபி லேஅவுட். ஊனோவுக்கு இவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். பெயரைக் குறிப்பிடணும், மாற்றியதையும் அதே உரிமத்தில் கொடுக்கணும், அவ்வளவுதான். இந்த உரிமத்தைக் கொடுத்த பிறகு திரும்பப் பெற முடியாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நாளைக்கு முதலாளி மாறினாலும் நேற்று வெளியிட்ட கோப்பு நம்மிடம்தான்.

இந்த அடுக்கு எவ்வளவு உறுதியானது என்று பார்க்க ஊனோவின் 7, 8-ஆம் பின்களுக்கு நடுவே ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மற்ற பின்களெல்லாம் 0.1 அங்குல இடைவெளி. அங்கே மட்டும் 0.16 அங்குலம். அவசரமாக வரைந்தபோது நேர்ந்த பிழை. ஆனால் அதற்குள் அந்த அளவில் ஷீல்டுகள் வந்துவிட்டன. அதனால் பிழையையும் சேர்த்து எல்லோரும் நகலெடுத்தார்கள். குவால்காம் சிப் போட்ட ஊனோ க்யூவிலும் அதே இடைவெளிதான். ஒரு வடிவம் பொதுச்சொத்து ஆகிவிட்டால் அதைச் செய்தவர்களே நினைத்தாலும் மாற்ற முடியாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கோப்பு திறந்திருந்தால் போதாது, அதைத் திறக்கிற மென்பொருளும் வேணும். பழைய ஆர்டுயினோ கோப்புகள் ஈகிள் வடிவத்தில் இருக்கின்றன. ஈகிள் இங்கே ஜெர்மனியில் கேட்சாஃப்ட் என்ற கம்பெனி செய்தது. 2016-இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2026 ஜூன் 7-உடன் அதன் விற்பனையும் ஆதரவும் முடியும் என்று 2023-லேயே அறிவித்துவிட்டது. நல்லவேளை, கைகேட் இருக்கிறது. 1992-இல் பிரான்சில் ஜான்-பியர் ஷராஸ் தொடங்கி, பிறகு செர்ன் ஆய்வகப் பொறியாளர்களும் கைகொடுத்து வளர்த்த கட்டற்ற மென்பொருள் அது. 2018-இல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்தே ஈகிள் கோப்புகளை அது திறக்கும்.

*இரண்டாம் அடுக்கு, மென்பொருள்.* நாம் புரோகிராம் எழுதுகிற ஐடிஈ, அதன் லைப்ரரிகள் எல்லாம் கட்டற்ற உரிமங்களில். அதற்கும் அடியில் உண்மையான வேலையைச் செய்வது ஜிசிசி கம்பைலரும், சிப்புக்குள் எழுதிக்கொடுக்கிற ஏவிஆர்டியூட் என்ற சின்னக் கருவியும். இரண்டும் ஆர்டுயினோவுக்கு முன்பே இருந்தவை, ஆர்டுயினோ இல்லாமலும் ஓடும். எங்கள் ரோபோவுக்கு இல்லாமல் போனது இந்த அடுக்குதான்.

*மூன்றாம் அடுக்கு, சிப்.* ஊனோவின் இதயம் ஏடிமெகா328பி. 16 மெகாஹெர்ட்ஸ், 32 கிலோபைட் ஃப்ளாஷ், 2 கிலோபைட் ரேம். இது திறந்தது இல்லை. உள்ளே டிரான்சிஸ்டர்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பது கம்பெனி ரகசியம். ஆனால் எந்தப் பின் என்ன செய்யும், எந்த ரெஜிஸ்டரில் எந்த பிட் எதற்கு என்று நூற்றுக்கணக்கான பக்கத்துக்கு டேட்டாஷீட் வெளியே இருக்கிறது. கதவு பூட்டியிருக்கிறது, ஆனால் வீட்டுப் படம் முழுக்கக் கையில் இருக்கிறது.

இங்கே ஒன்று கவனிங்க. இந்தச் சிப்பைச் செய்துவந்தது அட்மெல். 2016-இல் அட்மெல்லையே மைக்ரோசிப் வாங்கிவிட்டது. அதாவது ஆர்டுயினோவின் இதயம் ஏற்கெனவே ஒருமுறை கை மாறியிருக்கிறது. உங்களில் எத்தனை பேர் கவனித்தீர்கள்? போர்டு ஓடிக்கொண்டேதான் இருந்தது.

*நான்காம் அடுக்கு, பெயர்.* ஆர்டுயினோ என்ற பெயரும் அந்த எட்டு மாதிரியான சின்னமும் டிரேட்மார்க். இது திறந்தது இல்லை, திறந்திருக்கவும் கூடாது. நம்பி வாங்குகிறவருக்கு யார் செய்தது என்று தெரியணும் இல்லையா? இந்தப் பெயருக்காகப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 2015-இல், இத்தாலியில் போர்டுகளைத் தயாரித்துவந்த தரப்பும் மற்ற நிறுவனர்கள் தரப்பும் பெயருக்கு உரிமை கொண்டாடி வழக்குக்குப் போனார்கள். கொஞ்ச காலம் அமெரிக்காவுக்கு வெளியே ஜெனுயினோ என்ற பெயரில் போர்டு விற்க வேண்டி வந்தது. 2016 அக்டோபரில்தான் சமாதானம். அந்தக் காலம் முழுக்க உலகத்தில் எந்த வகுப்பறையிலும் எல்இடி சிமிட்டுவது நிற்கவில்லை. சண்டை நான்காம் அடுக்கில் நடந்தது, பாடம் முதல் மூன்று அடுக்கில் நடந்தது.

*ஐந்தாம் அடுக்கு, சேவை.* உலாவியிலேயே புரோகிராம் எழுதுகிற எடிட்டர், கிளவுட், கணக்கு, லாகின். இது யார் நடத்துகிறார்களோ அவர்களுடையது, விதியும் அவர்களுடையது. 2025 நவம்பரில் ஆர்டுயினோவின் சேவை விதிகள் மாறியபோது, பிரித்து ஆராய்வதற்குத் தடை என்ற ஒரு வரியைப் பார்த்து அடாஃப்ரூட் போன்றவர்கள் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார்கள். அந்த வரி எங்கள் கிளவுட் சேவைக்கு மட்டும்தான், போர்டுகளுக்கும் திறந்த மென்பொருளுக்கும் பழைய உரிமங்கள் அப்படியே இருக்கின்றன என்று ஆர்டுயினோ பதில் சொன்னது. அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் பாடம் மாறாது. ஐந்தாம் அடுக்கில் நீங்கள் வாடகைக்குத்தான் இருக்கிறீர்கள்.

இப்போது எங்கள் ரோபோவைத் திரும்பிப் பாருங்கள். படம் இல்லை, மென்பொருள் இல்லை, சிப்பின் பெயர்கூட இல்லை. ஐந்தாம் அடுக்கின் மேலேயே மொத்த வீட்டையும் கட்டியிருந்தார்கள். அது போனதும் எல்லாம் போனது. அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

திறந்திருந்தாலும் காப்பாற்றாத ஒன்று

திறந்த வன்பொருள் என்றால் எல்லாக் கவலையும் தீர்ந்தது என்று நான் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். 2025-இல் நடந்த இன்னொரு செய்தியைப் பாருங்கள்.

சிப்பையே சொந்தமாக வரைந்து தயாரிக்க முன்னெல்லாம் பெரிய கம்பெனியால்தான் முடியும். 2020-இல் கூகுளும் அமெரிக்காவின் ஸ்கைவாட்டர் ஆலையும் சேர்ந்து 130 நானோமீட்டர் தயாரிப்பு முறையின் விதித்தொகுப்பைத் திறந்துவிட்டார்கள். அந்த ஆலைக்கு ஏற்றபடி சிப் வரைய வேண்டிய அளவுகள், மாதிரிகள் எல்லாம் ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் கிடைத்தன. ஈஃபேப்லெஸ் என்ற கம்பெனி நடுவிலிருந்து ஆர்டர்களைச் சேர்த்துக் கொடுத்தது. மேட் வென் தொடங்கிய டைனி டேப்அவுட் திட்டத்தில், ஒரே சிப்பை மனைக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு கட்டம் கொடுத்தார்கள். மாணவர்கள்கூட தங்கள் சர்க்யூட்டை உண்மையான சிலிக்கனில் பார்க்க முடிந்தது.

2025 மார்ச்சில் ஈஃபேப்லெஸ் மூடப்பட்டது. முதலீடு கிடைக்கவில்லை. பணம் கட்டிவிட்டுச் சிப்புக்காகக் காத்திருந்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

எது போயிற்று? கட்டிய பணம், காத்திருந்த நாள். எது நின்றது? வரைந்த வடிவங்கள், ஆலையின் விதித்தொகுப்பு, வரைகிற கருவிகள். ஓப்பன்லேன் என்ற கருவியை லிப்ரலேன் என்ற பெயரில் வேறு ஆட்கள் தொடர்ந்தார்கள். டைனி டேப்அவுட் அதே வருஷம் இங்கே ஜெர்மனியில், ஃபிராங்க்ஃபர்ட் அன் டெர் ஓடர் ஊரில் இருக்கிற ஐஎச்பி ஆய்வு நிறுவனத்தின் பக்கம் வந்தது. அவர்களும் தங்கள் 130 நானோமீட்டர் விதித்தொகுப்பைத் திறந்துவைத்திருக்கிறார்கள்.

திறந்த உரிமம் அறிவைக் காப்பாற்றும். நீங்கள் கட்டிய முன்பணத்தைக் காப்பாற்றாது. ஆலை, மின்சாரம், சம்பளம் இதையெல்லாம் யாரோ கொடுத்தாகணும். 3டி பிரிண்டர் செய்கிற ஜோசஃப் ப்ரூசா 2023-இல் இதையே எழுதினார். எல்லாவற்றையும் திறந்துவைத்தால், திரும்ப எதுவும் தராமல் நகல் மட்டும் எடுக்கிறவர்களோடு எப்படிப் போட்டி போடுவது என்று. அதன் பிறகு வந்த பிரிண்டர்களின் சில கோப்புகளை அவர் முன்போல உடனே வெளியிடவில்லை. அவர் செய்தது சரியா தப்பா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது.

பூட்டிய கதவும் மெல்லத் திறக்கிறது

மூன்றாம் அடுக்கு பூட்டியிருக்கிறது என்றேன். அங்கேயும் இப்போது வெளிச்சம் வருகிறது. 2010-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் க்ரஸ்தே அசானோவிச், டேவிட் பேட்டர்சன், அவர்களுடைய மாணவர்கள் எல்லாம் சேர்ந்து ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுதியைத் தொடங்கினார்கள். கட்டளைத் தொகுதி என்பது சிப்புக்கும் மென்பொருளுக்கும் நடுவே இருக்கிற மொழியின் இலக்கணம் மாதிரி. இந்த இலக்கணத்தைப் பயன்படுத்த யாருக்கும் கட்டணம் கட்ட வேண்டாம்.

நம்ம ஊரிலும் இது நடக்கிறது. ஐஐடி மெட்ராஸில் காமகோடி அவர்களின் குழு இதே இலக்கணத்தில் சக்தி என்ற பிராசசர் குடும்பத்தை உருவாக்கி, மூல வடிவத்தையும் திறந்து வைத்தது. 2018-இல் அதன் முதல் சிப்புகள் வந்தன. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவோடு சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கான ஐரிஸ் என்ற சிப்பை அறிவித்தார்கள். அது தயாரானது சண்டிகரில் உள்ள அரசு ஆலையில்.

ஆனால் இங்கேயும் அடுக்கை மறக்கக்கூடாது. இலக்கணம் திறந்தது என்பதால் அதில் எழுதிய புத்தகமும் இலவசம் ஆகிவிடாது. ரிஸ்க்-ஃபைவில் செய்த மூடிய சிப்புகள் நிறைய இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் வந்த ராஸ்பெரி பை பிக்கோ 2 போர்டையே எடுத்துக்குங்க. அதன் ஆர்பி2350 சிப்பில் இரண்டு ஆர்ம் கோர், இரண்டு ரிஸ்க்-ஃபைவ் கோர். ரிஸ்க்-ஃபைவ் கோரின் பெயர் ஹசார்ட்3, லூக் ரென் எழுதியது, மூலம் முழுக்கத் திறந்திருக்கிறது. சிப் வெளியான சில வாரத்திலேயே வெளியில் இருந்த பொறியாளர்கள் ஒரு குறையைக் கண்டுபிடித்தார்கள். பின்னை உள்ளிருக்கும் புல்-டவுன் வழியாகக் கீழே இழுத்தால் அது பூஜ்யத்துக்கு வராமல் ஏறக்குறைய 2.2 வோல்ட்டில் தொங்கி நின்றது. அந்தக் குறை திறந்திருந்த கோரில் இல்லை, மூடியிருந்த பின் பகுதியில் இருந்தது. அதனால் நாம் செய்ய முடிந்தது வெளியே 8.2 கிலோ ஓம் அல்லது அதற்குக் குறைவான ரெசிஸ்டர் ஒன்று வைப்பது மட்டும்தான். நிஜமான திருத்தம் 2025 ஜூலையில் அறிவித்த புதிய சிலிக்கன் பதிப்பில்தான் வந்தது.

பிழை எந்த அடுக்கில் இருக்கிறதோ, அந்த அடுக்கு யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் சரிசெய்ய முடியும். ஒரு போர்டு வாங்கும்போது நாம் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

கடைசியில் நாங்கள் என்ன வாங்கினோம்?

இவ்வளவு யோசித்துவிட்டு நாங்கள் முழுப் போர்டு 10 வாங்கவில்லை. இரண்டு அசல் ஊனோ வாங்கினோம். மீதிப் பணத்துக்கு, 28 கால் கொண்ட ஏடிமெகா328பி சிப்புகளைத் தனியாக வாங்கினோம். கூட பிரெட்போர்டு, 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், 22 பிகோஃபேரட் கெப்பாசிட்டர், ரெசிஸ்டர், எல்இடி. பிள்ளைகளே ஆர்டுயினோவைக் கட்டட்டும் என்று.

முடியுமா என்றால், முடியும். வெளியிட்ட படத்தைப் பார்த்துத்தான் செய்தோம். நீங்களும் செய்யலாம்:

7, 20-ஆம் கால்களுக்கு 5 வோல்ட். 8, 22-ஆம் கால்களுக்கு கிரவுண்ட். கிரிஸ்டலை 9, 10-க்கு நடுவே வைத்து, இரண்டு காலிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 22 பிகோஃபேரட். ரீசெட் ஆகிய 1-ஆம் காலிலிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம். மின்சாரம் வருகிற கால்கள் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். ஊனோவின் 13-ஆம் பின் என்று நாம் சொல்வது சிப்பில் 19-ஆம் கால். அங்கே 330 ஓம் ரெசிஸ்டரோடு ஒரு எல்இடி.

புரோகிராமை உள்ளே அனுப்ப, அசல் ஊனோவில் ஆர்டுயினோ-ஐஎஸ்பி என்ற உதாரணப் புரோகிராமைப் போட்டு, அதன் 10, 11, 12, 13 பின்களை முறையே சிப்பின் 1, 17, 18, 19-ஆம் கால்களோடு இணைக்கணும். கூட 5 வோல்ட்டையும் கிரவுண்டையும். அனுப்புகிற ஊனோ நடுவில் தானாக ரீசெட் ஆகாமல் இருக்க, அதன் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர்.

முதல் சனிக்கிழமை எல்லோருடைய எல்இடியும் ஒரு நொடி எரிந்து, ஒரு நொடி அணைந்து சிமிட்டியது. ஒரு 11 வயதுப் பெண்ணுடையது மட்டும் எரிந்தது, எரிந்தபடியே இருந்தது. ஒயர் எல்லாம் சரி. சிப் போச்சு என்று நான் வேறு சிப் எடுக்கப் போனேன். அவள் விடவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "அங்கிள், அணைஞ்சிருச்சு! 16 செகண்ட்" என்றாள். மறுபடி எரிய இன்னொரு 16.

அந்த 16-ஐப் பிடித்துக்கொண்டு டேட்டாஷீட்டைத் திறந்தோம். ஆலையிலிருந்து வரும் புதுச் சிப் வெளியே இருக்கிற கிரிஸ்டலைப் பார்ப்பதே இல்லை. தன் உள்ளேயே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை எட்டால் வகுத்து, 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். நம்ம புரோகிராமோ 16 மெகாஹெர்ட்ஸ் என்று நினைத்துக் கம்பைல் ஆனது. அதனால் எல்லாம் 16 மடங்கு மெதுவாக நடந்தது. ஃப்யூஸ் என்று சொல்கிற அமைப்பு பிட்டுகளை மாற்ற வேண்டும். ஐடிஈயில் பர்ன் பூட்லோடர் கொடுத்தால் அதுவே மாற்றிவிடும். மற்றவர்களுடைய சிப்புகளுக்கு நான் முன்கூட்டியே அதைச் செய்திருந்தேன். அவளுடைய சிப்பை மட்டும் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.

அலமாரியில் கிடக்கும் ரோபோவிடமும் நாங்கள் இதே கேள்வியைத்தான் கேட்டோம்: ஏன் ஓடவில்லை? அது பதில் சொல்லவில்லை. இந்த மூன்று யூரோ சமாச்சாரம் பதில் சொன்னது, அதுவும் ஒரு 11 வயதுப் பிள்ளைக்கு.

அப்போ "ஆர்டுயினோவை நம்பி வாங்கலாமா?" என்ற கேள்விக்கு என் பதில்: முதல் இரண்டு அடுக்கும் திறந்திருக்கிற, மூன்றாம் அடுக்குக்கு முழு டேட்டாஷீட் இருக்கிற போர்டைத் தாராளமாக வாங்குங்க, யார் முதலாளியாக இருந்தாலும். ஊனோ க்யூவும் நல்ல போர்டாக இருக்கலாம். ஆனால் அதன் சிப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கையால் சால்டர் பண்ண முடியாது. 10 வயதுப் பிள்ளைகளுக்கு அது முதல் பாடம் இல்லை. முடிந்தால் ஒன்றிரண்டாவது அசல் போர்டு வாங்குங்க. ப்ரூசா கேட்ட கேள்விக்கு நம்மால் சொல்ல முடிந்த பதில் அதுதான்.

வீட்டுப்பாடம்

உங்கள் வீட்டில் பிளக்கில் மாட்டியிருக்கிற, புத்திசாலி என்று சொல்லி விற்ற ஏதாவது ஒரு பொருளை எடுங்கள். பல்போ, தெர்மோஸ்டாட்டோ, பிள்ளைகள் பொம்மையோ. இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. இதன் சர்க்யூட் படம் கிடைக்கிறதா? கிடைத்தால், திருத்தக்கூடிய மூலக் கோப்பா, வெறும் பிடிஎஃப்பா? திறந்த வன்பொருளின் வரையறை, திருத்துவதற்கு ஏற்ற வடிவத்தில் கோப்பு வேண்டும் என்று கேட்கிறது. பிடிஎஃப் மட்டும் கொடுத்துவிட்டுத் திறந்தது என்று சொல்ல முடியாது.

2. கம்பெனியின் சர்வர் இல்லாமல் இதற்குள் புதுப் புரோகிராம் போட வழி இருக்கிறதா? வீட்டு வைஃபையில் இன்டர்நெட்டை மட்டும் துண்டித்துவிட்டு அரை மணி நேரம் பயன்படுத்திப் பாருங்கள், பாதி பதில் கிடைத்துவிடும்.

3. உள்ளே இருக்கும் சிப்பின் பெயர் தெரிகிறதா? அதற்கு டேட்டாஷீட் உண்டா?

4. நாளைக்கே இந்தக் கம்பெனி இல்லை என்றால், இதைச் செய்யவோ பழுது பார்க்கவோ வேறு யாராவது இருக்கிறார்களா?

நான்குக்கும் இல்லை என்று பதில் வந்தாலும் பொருளைத் தூக்கிப் போட வேண்டாம். எது சொந்தம், எது வாடகை என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். ப்ளக்கை இழுத்துவிட்டுப் பிரித்துப் பார்க்கிறவர்கள் கவனம்: நேரடியாக 230 வோல்ட்டில் ஓடுகிற எதையும் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறக்காதீர்கள். பேட்டரியில் ஓடும் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நான்கு பதில்களையும் இந்த மடலுக்கே பதிலாக எழுதி அனுப்புங்க. சுவாரசியமானவற்றை அடுத்த எபிசோடில் வாசிக்கிறோம்.

அந்த 10 ரோபோவை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். அடுத்த மாதம் பிள்ளைகள் அவற்றைப் பிரிக்கப்போகிறார்கள். பெயர் அழிந்த அந்தப் போர்டை எடுத்துவிட்டு, மோட்டாரையும் சக்கரத்தையும் அவர்களே கட்டிய போர்டோடு சேர்ப்பதாகத் திட்டம். ஓடினால் சொல்கிறேன். ஓடாவிட்டாலும் ஏன் ஓடவில்லை என்று இந்தத் தடவை சொல்ல முடியும்.

அடுத்த மடலில் சந்திப்போம்.